இரண்டு ஒயர் கதவு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். எனக்கு நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நடுராத்திரியில் நடக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் 4:05 முதல் 4:26 வரை. நான் குடித்திருக்கவில்லை, அந்தப் பழக்கமே எனக்குக் கிடையாது. என்னிடம் இருக்கும் ஒரே கெட்ட பழக்கம் கோபம்.

பழைய கார்களின் கதவுப் பூட்டுகளைச் சரிசெய்வதுதான் என் தொழில். சாவி போட்டு ஒவ்வொரு கதவாகப் பூட்டும் பழைய வண்டிக்கு, ஓட்டுநர் கதவைப் பூட்டினால் எல்லாக் கதவும் பூட்டிக்கொள்ளும் சென்ட்ரல் லாக் போட்டுக் கொடுப்பேன். முப்பது வருடமாக இதே வேலை. முதல் இருபத்து நான்கு வருடம் எனக்கு ஒரு கூட்டாளி இருந்தான். ஒயர் சேரும் இடத்திலெல்லாம் டேப் சுற்றி, அதன்மேல் மெழுகு தடவிய நூலைச் சுற்றி, இரட்டை முடிச்சு போடுவான். அதனால் அவனுக்கு நூல்கண்டு என்றே பெயர். வேலை முடிந்ததும் அவன் காருக்குள் பின்சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு பூட்டாக அழுத்துவான். நான் வெளியே நின்று கைப்பிடியை இழுத்துப் பார்ப்பேன். பக்கத்துக் கடை கம்ப்ரஸர் போடும் சத்தத்தில் பேசினால் காது கேட்காது. அதனால் கண்ணாடியைத் தட்டுவான். ஒரு தட்டு என்றால் மறுபடி பார். இரண்டு தட்டு என்றால் சரி.

ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு வண்டியில் ஒயர் கருகிவிட்டது. சரியாக முறுக்காமல் விட்டது நான். ஆனால் வண்டிக்காரர் சத்தம் போட்டபோது, எல்லார் முன்னாலும் நூல்கண்டைக் கை காட்டினேன். அவன் டூல் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக, போகிறவன் போகட்டும் என்று வீம்பு பிடித்தேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் ஒரு நாள் அவனைப் பற்றி ஏதோ சொல்ல வந்தார். அவன் பேச்சை என்னிடம் எடுக்காதீர்கள் என்று மூஞ்சியில் அடித்தாற்போல் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை.

மனைவி போய் நான்கு வருடம் ஆகிறது. மகள் வேறு ஊரில் இருக்கிறாள், ஞாயிறு காலையில் மட்டும் போன் செய்வாள். மற்றபடி நாள் முழுக்க நான் பேசுவது கதவுகளோடுதான். அவன் இருந்திருந்தால் சண்டை போடவாவது ஓர் ஆள் இருந்திருக்கும் என்று சில நாள் தோன்றும். போய்ப் பார்க்க மட்டும் மாட்டேன்.

அந்த ஞாயிறு ஒரு மருந்துக்கடைக்காரர் கூப்பிட்டார். ஆறு மாதம் முன்பு வாங்கிய சாம்பல் நிறப் பழைய கார். அதிலிருக்கும் சென்ட்ரல் லாக்கை எடுத்துவிட்டு ரிமோட்டோடு புதிது போட வேண்டும். என்ன கோளாறு என்று கேட்டேன்.

"பின்னாடி இடது கதவு தானா பூட்டிக்குது. அது பூட்டினா எல்லாக் கதவும் பூட்டிக்குது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓட்டுநர் கதவு மோட்டாருக்கு ஐந்து ஒயர். உத்தரவு போடுவது அது ஒன்றுதான். மற்ற மூன்று கதவுக்கும் இரண்டே ஒயர், சொன்னதைக் கேட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். பின்கதவு மற்ற கதவுகளைப் பூட்டவே முடியாது என்று அவருக்குப் பாடம் எடுத்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, கடை அடைத்துவிட்டு ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார்.

கார் நின்றது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில். பகலிலும் டியூப் லைட்தான். அதிலும் பாதி எரியவில்லை. எங்கோ குழாயிலிருந்து சொட்டும் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. 3:10-க்கு வேலையைத் தொடங்கினேன். ஒரு கதவை முடித்து மாட்டிவிட்டுத்தான் அடுத்த கதவைத் தொட வேண்டும் என்பது நூல்கண்டின் சட்டம். கேட்க ஆளில்லாததால் நான்கு கதவின் உள்பக்க அட்டைகளையும் ஒரேயடியாகக் கழற்றினேன். உள்கைப்பிடி, கண்ணாடி இறக்கும் கைப்பிடி, பூட்டுக் குமிழ் எல்லாம் வெளியே டப்பாவில். கதவுகளின் மேல் நான்கு மெல்லிய பூட்டுக் கம்பிகள் மட்டும் நீட்டிக்கொண்டு நின்றன.

3:45. பின்பக்க இடது கதவுக்குள் டார்ச் அடித்தேன். இரண்டே ஒயர். நான் சொன்னதுதான் சரி. ஆனால் ஒயர் சேரும் இடத்தில்... மெழுகு நூல். இரட்டை முடிச்சு.

அதை விரலால் தடவிப் பார்த்தேன். படுபாவி, இன்னும் இதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த முடிச்சை வெட்ட எனக்கு மனசு வரவில்லை.

3:50-க்கு பானெட்டைத் திறந்து பேட்டரி டெர்மினலைக் கழற்றி ஓரமாகத் தள்ளி வைத்தேன். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டியில் அப்போது சொட்டு கரண்ட் இல்லை.

4:05. பின்சீட்டில் உட்கார்ந்து புது ஒயரை இழுத்துக்கொண்டிருந்தேன். போன் வெளியே டூல் பெட்டிமேல் இருந்தது. பின்னால் ஒரு கார் வந்து ஹாரன் அடித்தது. திறந்திருந்த என் பக்கத்து இடது கதவு அதற்கு வழியை மறித்தது. கதவைச் சாத்திக்கொண்டேன். அந்தக் கார் போய்விட்டது.

டக்.

என் பக்கத்துக் கம்பி கீழே இறங்கியது.

டக். டக். டக்.

மற்ற மூன்றும் இறங்கின.

மோட்டார் ஓடும் சத்தம் வரவில்லை. கம்பி இறங்கும் சத்தம் மட்டும்தான். கதவுக்குள் கையை விட்டு என் பக்கத்துக் கம்பியை மேலே தள்ளினேன். ஏறியது. கையை எடுத்ததும் இறங்கியது. முன்சீட்டுக்கு மேலே எட்டி ஓட்டுநர் கதவின் கம்பியைப் பிடித்தேன். விரல் வழுக்கியது. யாரோ கீழேயிருந்து பிடித்து இழுப்பது போல் இருந்தது.

கத்தினேன். தொண்டை வறளும்வரை கத்தினேன். முழங்கையால் கண்ணாடியை இடித்தேன். கைதான் வலித்தது. டூல் எல்லாம் வெளியே. மருந்துக்கடைக்காரர் ஏழு மணிக்குத்தான் வருவார். மகள் காலையிலேயே பேசிவிட்டாள், இனி அடுத்த ஞாயிறுதான். நான் வீட்டுக்கு வரவில்லையே என்று தேட ஒரு ஜீவன் இல்லை. பேய் பயத்துக்கு முன்பே அந்தப் பயம் என்னைப் பிடித்துக்கொண்டது.

கைக்கடிகாரத்தில் 4:14. மூச்சு முட்டியது.

அப்போது சீட்டின் அந்தப் பக்கம் அமுங்கியது... மெதுவாக. ஓர் ஆள் உட்கார்ந்தால் அமுங்குகிற அளவுக்கு. ஸ்பிரிங் கிரீச்சென்றது.

நான் திரும்பவில்லை.

மெழுகு வாசனை.

பக்கத்தில் யாரோ மூச்சு விட்டார்கள். சிரமப்பட்டு... விட்டு விட்டு...

டொக்.

கண்ணாடியில். உள்பக்கமிருந்து. ஒரே ஒரு தட்டு.

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

டொக்.

மறுபடி ஒன்று. மறுபடி பார் என்கிறான்.

எத்தனை நேரம் அப்படியே இருந்தேனோ தெரியாது. என் வாய் தானாகப் பேசியது. ஆறு வருடமாக வராத வார்த்தை.

"தப்பு என்னோடதுடா. அந்த ஒயரை முறுக்காம விட்டது நான்தான்."

மூச்சுச் சத்தம் நின்றது.

டொக். டொக்.

இரண்டு.

நான்கு கம்பிகளும் ஒன்றாக மேலே ஏறின. என் பக்கத்துக் கதவு வெளிப்பக்கமாகத் திறந்தது.

விழுந்தடித்து வெளியே வந்தேன். 4:26. வெளியே யாருமில்லை. பேட்டரி டெர்மினல் நான் வைத்த இடத்திலேயே கிடந்தது. பின்சீட்டைப் பார்த்தேன். காலியாக இருந்தது. சைல்ட் லாக் போட்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அது போட்டிருந்தால் அந்தக் கதவை வெளியே நின்றுதான் திறக்க முடியும்.

அட்டைகளைக்கூட மாட்டாமல், சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வீடு வந்து சேர்ந்தேன். ராத்திரி முழுக்க விளக்கை அணைக்கவில்லை. ஆனால் ஒன்று மட்டும் முடிவாகிவிட்டது. விடிந்ததும் நூல்கண்டைப் பார்க்க வேண்டும். அவன் திட்டினாலும் சரி, கதவைச் சாத்தினாலும் சரி.

மறுநாள் காலை ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய் அவன் முகவரி கேட்டேன். மருந்துக்கடைக்காரர் வாங்கிய சாம்பல் நிறக் காரில் அவன் கைவேலையைப் பார்த்ததாகவும் சொன்னேன். கடைக்காரர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார்.

"அவர் இறந்து ஒரு வருஷம் ஆச்சு. அந்த வண்டியிலதான்."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்கதான அவர் பேச்சையே எடுக்கக் கூடாதுன்னீங்க."

பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். பழைய சொந்தக்காரர் வீட்டு ஷெட்டில் அவன் தனியாகத்தான் அந்த வேலையைச் செய்திருக்கிறான். முடித்துவிட்டு, சரிபார்க்கப் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிறான். சைல்ட் லாக் போட்டிருந்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து நெஞ்சுவலி. முன்சீட்டுக்கு எட்ட முடியவில்லை. வெளியே நின்று கதவைத் திறக்க ஆளில்லை. வீட்டுக்காரர் வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்துவிட்டது.

"கையில போன் இருந்திருக்கு. ஒரே நம்பருக்கு ஒன்பது தடவை அடிச்சிருக்காரு. யாரோ, எடுக்கவே இல்ல. வேற யாரையாவது கூப்பிட்டிருந்தா பிழைச்சிருப்பாரு."

யாருடைய நம்பர் என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து போனை எடுத்தேன். சண்டை போட்ட அன்றே அவன் நம்பரை பிளாக் செய்திருந்தேன். போன் மாற்றியபோதெல்லாம் அதுவும் கூடவே வந்திருக்கிறது. பிளாக் ஆன அழைப்புகளின் பட்டியலை அதுவரை ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. திறந்தேன். போன வருடத் தேதியில், பதினாறு நிமிடத்துக்குள், ஒன்பது அழைப்புகள்.

பிளாக்கை எடுத்துவிட்டு அந்த நம்பருக்கு அடித்தேன். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று பதிவுக் குரல் சொன்னது. மூன்று முறை அடித்தேன். மூன்று முறையும் அதையே சொன்னது.

மறுபடி பட்டியலைப் பார்த்தேன். ஒன்பது இல்லை. அவற்றுக்கு மேலே, தனியாக இன்னொன்று இருந்தது. பத்தாவது அழைப்பு.

தேதி, முந்தின நாள் ஞாயிறு. நேரம் 4:17.