மைக்குக்கும் வாய்க்கும் நடுவில்

இது நடந்தது. பேய் என்றதும் உதட்டைப் பிதுக்குகிறவர்கள் தாராளமாகப் பிதுக்கிக்கொள்ளலாம். உதட்டைப் பிதுக்குவதில் உங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிடும் ஒரு மனிதருக்குத்தான் இது நடந்தது. நடுராத்திரியில் அல்ல, சுடுகாட்டுப் பக்கத்திலும் அல்ல. பட்டப்பகலில், நாலாவது மாடியில், துணி அலமாரிக்கும் கட்டிலுக்கும் இடையில் நடந்தது.

வானொலி நிலையத்தில் அவரை எல்லோரும் கணீர் என்றுதான் சொல்வார்கள். குரல் அப்படி. காலை ஆறு மணிச் செய்தியை வருஷக்கணக்காகப் படிக்கிறவர். அப்படியொரு குரல் தன் தொண்டையில் வந்து உட்கார்ந்தது தற்செயல் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. மற்றவர்களுக்கு அது இல்லாமல் போனது அவர்கள் செய்த குற்றம் என்றே நினைத்தார். யாராவது தப்பாகப் பேசினால், ஏன், சரியாகப் பேசினாலும்கூட, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து ஒரு சத்தம் செய்வார். “ச்சு.” அவ்வளவுதான். புதிதாக வந்த அறிவிப்பாளர்கள் அந்த ஒரு சத்தத்துக்காகக் கழிப்பறையில் போய் நின்று அழுதிருக்கிறார்கள்.

நிலையம் ஒருநாள் தன் ஒலிப்பதிவு அறைகளை மூடிவிட்டு, இனி வீட்டிலிருந்தே பேசி அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டது. கணீர் போய், இருப்பதிலேயே விலை கூடிய கண்டென்சர் மைக் ஒன்றை வாங்கி வந்தார். நல்ல மைக்தான். ஊசி விழுந்தாலும் எடுக்கும். அதுதான் வம்பு. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், லிஃப்ட் மணி, மேல்வீட்டுக்காரர் காறித் துப்புவது எல்லாம் நாட்டு நடப்போடு சேர்ந்து பதிவாகியது. ஜன்னலுக்குப் போர்வை கட்டிப் பார்த்தார். குக்கருக்குப் போர்வையெல்லாம் ஒரு பொருட்டா?

நிலையத்தின் ஒலிப் பொறியாளர் ஒரு பெண். வார்த்தைக்குச் சர்க்கரை தடவத் தெரியாதவள். அவர் பதிவை இரண்டு முறை திருப்பி அனுப்பியவள், மூன்றாவது முறை போனிலேயே கூப்பிட்டாள்.

“சார், உங்களைவிட குக்கர் தெளிவா கேக்குது. இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பழைய செய்தி எதையாவது படிச்சு, சுத்தமா ஒண்ணு அனுப்புங்க. இல்லேன்னா காலைச் செய்தியை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க.”

வேறு ஆள் யார் என்று கணீருக்குத் தெரியும். பால் கேட்கும் பூனை மாதிரிப் பேசுகிற ஒருவன். “ச்சு” என்றார். ஆனால் ஆறு மணிச் செய்தி போய்விட்டால் அவர் யார்? நாலாவது மாடியில் குடியிருக்கிற, முழங்கால் வலிக்காரர் ஒருவர். வேறொன்றும் இல்லை. அதை நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

மனைவியின் தம்பி ஒருவன் இருந்தான். எந்த மைக் வாங்கலாம், எந்த ஹெட்போன் வாங்கலாம் என்று இணையத்தில் வீடியோ போடுகிறவன். கணீர் அவனை மனிதர்கள் கணக்கிலேயே சேர்த்ததில்லை. வேறு வழியில்லாமல் அவனைக் கூப்பிட்டார்.

“டைனமிக் மைக் வாங்குங்க அத்தான். அதுக்குக் காது மந்தம். வாய்க்கு நாலு விரல் தள்ளி வெச்சுப் பேசினா உங்களை மட்டும்தான் எடுக்கும். பின்னால எவன் கத்தினாலும் கண்டுக்காது.”

“செவிட்டு மைக்கை வெச்சு நான் செய்தி படிக்கணுமா?”

“உங்க வீட்டுக்கு அதுதான் சரி. ஒண்ணு, ரொம்பக் கிட்ட போகாதீங்க. கிட்டப் போகப் போக குரல்ல கனம் ஏறிடும். அப்புறம், கடையிலேயே பேசி, ஹெட்போன்ல கேட்டுப் பாத்துட்டு வாங்குங்க.”

கணீர் செய்த தப்பு இங்கேதான். பேசிப் பார்க்காமல் மைக் வாங்குவது, காலில் போட்டுப் பார்க்காமல் செருப்பு வாங்குவது மாதிரி. குரலை வைத்துப் பிழைக்கிற யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். ஆனால் நாலு பேர் வந்து போகிற கடையில் நின்று, “ஹலோ, ஹலோ, ஒன், டூ” என்று சொல்வதா? அது மேடைக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவன் வேலை. கணீர் எங்காவது ஒன், டூ சொல்வாரா?

கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். கல்லாவில் அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் புது டைனமிக் மைக்குகள் வரிசையாக இருந்தன. கணீர் ஒவ்வொன்றையும் கையில் தூக்கி, எடை பார்த்து, கீழே வைத்தார். ஒன்று பிளாஸ்டிக். இன்னொன்று பொம்மை. மூன்றாவதை அவர் தொடக்கூட இல்லை. நல்ல பொருள் என்றால் கனக்கும். இது அவருடைய சித்தாந்தம். கத்தரிக்காய் வாங்கினாலும் அப்படித்தான்.

அப்போதுதான் மூலையில், தனி ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தார். சாம்பல் நிறம். முகத்து வலை ஒரு பக்கம் லேசாக நசுங்கியிருந்தது. தூக்கினார். கை ஒரு கணம் கீழே இறங்கியது. அப்படியொரு கனம்.

“அது விக்கறதில்ல சார். அவர் வந்துடட்டும். அது வந்து...”

“எனக்கு நீங்க மைக் பாடம் எடுக்க வேண்டாம்மா. பில் போடுங்க.”

அந்தம்மா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு, உன் பாடு என்பதுபோல் பில்லைப் போட்டார். பேசிப் பார்க்க ஹெட்போனை மட்டும் நீட்டினார்.

“ச்சு” என்றார் கணீர்.

வீட்டுக்கு வரும்போது மணி மூன்று. மனைவி வேலைக்குப் போயிருந்தார். கதவைச் சாத்தினார். மைக்கை ஸ்டாண்டில் மாட்டி, கேபிளை ரெக்கார்டரில் செருகி, வலைமேல் புது ஸ்பாஞ்சு உறையைப் போட்டார். நாலு விரல் வைத்து அளந்து உட்கார்ந்தார். ஹெட்போனைக் காதில் மாட்டினார்.

அடடா. குக்கர் இல்லை. லிஃப்ட் இல்லை. மேல்வீட்டுக்காரர் இந்த உலகத்திலேயே இல்லை. அப்படியொரு அமைதியை அவர் நிலையத்து அறையில்கூடக் கேட்டதில்லை. மச்சினன் சொன்னது பலித்துவிட்டதே என்பதுதான் அவருக்கு ஒரே வருத்தம்.

பழைய செய்தி ஒன்றைப் பாதிவரை படித்தார். நிறுத்தினார். ஹெட்போனில் மூச்சு கேட்டது.

தன்னுடைய மூச்சுதான் என்று நினைத்தார். வயசாகிறது அல்லவா. வாயை மூடி, மூச்சை அடக்கினார்.

ஹெட்போனில் மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது... உள்ளே... வெளியே... உள்ளே... அவசரமே இல்லாமல்.

பதிவானதைப் போட்டுக் கேட்டார். அவர் குரல் இருந்தது. மூச்சும் இருந்தது. ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும், முற்றுப்புள்ளி வைக்கிற இடத்தில், ஒரு சின்னச் சத்தம்.

“ச்சு.”

கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று கணீர் வாய்விட்டுத் திட்டினார். பழைய சரக்கு, உள்ளே ஏதோ லொடலொடக்கிறது. பதிவை மச்சினனுக்கு அனுப்பினார். உடனே போன் வந்தது.

“அத்தான், பக்கத்துல யாரு?”

“யாரும் இல்ல. மைக் ஓட்டை.”

“இல்ல அத்தான். உங்க குரல் நாலு விரல் தள்ளி இருக்கு, சரியா இருக்கு. அந்த மூச்சு...”

“மூச்சுக்கு என்ன?”

“அதுல கனம் ஜாஸ்தி. உங்களைவிடக் கிட்ட இருக்கு.”

“என்னைவிடக் கிட்டன்னா?”

அந்தப் பக்கம் பதிவை இன்னொரு தடவை ஓட்டிக் கேட்கிற சத்தம் வந்தது.

“உங்க வாய்க்கும் மைக்குக்கும் நடுவுல அத்தான்.”

வீடியோ போடுகிறவன் புத்தி எங்கே போகும் என்று கணீர் போனை வைத்துவிட்டார். மணி நாலு. ஐந்துக்குள் அனுப்ப வேண்டும். மறுபடி உட்கார்ந்தார்.

ஸ்பாஞ்சைத் தொட்டார். ஈரம்.

புது உறை. அவர் பேசி ஒரு மணி நேரம் ஆகப்போகிறது. அது சூடாகவும் இருந்தது.

உறையைக் கழற்றிக் கட்டிலில் எறிந்தார். மைக்கைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். பின்பக்கம் யார் கத்தினாலும் எடுக்காது என்றானே. எடுக்கவில்லை. அவர் பேசியது எங்கேயோ தூரத்தில் முனகலாய்க் கேட்டது.

மூச்சு மட்டும் அப்படியே இருந்தது. மைக்கோடு சேர்ந்து அதுவும் திரும்பியிருந்தது.

மைக்கை மறுபடி தன் பக்கம் திருப்பினார். தன் வாய்க்கும் அதற்கும் நடுவில் மெதுவாகக் கையை நீட்டினார். புறங்கையில் அவருடைய மூச்சு பட்டது.

உள்ளங்கையிலும் மூச்சு பட்டது.

எதிர்ப்பக்கத்திலிருந்து... வெதுவெதுப்பாக.

கையை இழுத்துக்கொண்டார்.

அப்போது ஹெட்போனில் செய்தி தொடங்கியது.

“வணக்கம். செய்திகள்.”

அவர் வாயைத் திறக்கவில்லை.

ரெக்கார்டரின் பச்சை விளக்கு குரலுக்கு ஏற்றபடி ஏறியது... இறங்கியது... ஏறியது...

அவர் கையிலிருந்த தாளை அது படித்தது. அவர் பக்கம் திருப்புவதற்கு முன்பே அடுத்த பக்கத்துக்குப் போனது.

முடித்தது.

“ச்சு.”

அது அவருக்கு.

மணி நாலு ஐம்பது. கணீர் ஹெட்போனைக் கழற்றவில்லை. பதிவைத் திரும்பப் போட்டார். கேட்கக் கேட்க அவருக்கு அழுகை வந்தது. அது அவருடைய குரல்தான். ஆனால் கரகரப்பு ஏறாத, மூச்சு வாங்காத குரல். இப்படி ஒருநாளாவது படித்திருக்கிறோமா என்று அந்தத் தலைக்கனம் பிடித்த மனிதர் வாழ்க்கையில் முதன்முறையாகத் தன்னையே கேட்டுக்கொண்டார். பேசாமல் அழித்திருக்கலாம். உண்மையைச் சொல்லியிருக்கலாம். பூனைக்குரல்காரன் ஞாபகம் வந்தது. அனுப்பிவிட்டார்.

பொறியாளரின் பதில் உடனே வந்தது. இதுதான் சார் குரல், காலைச் செய்தி உங்களுக்குத்தான், நாளைச் செய்தியின் தொடக்கத்தில் வரும் அறிவிப்பை மட்டும் இன்றைக்குள் பேசி அனுப்பிவிடுங்கள் என்று எழுதி, அறிவிப்பையும் அனுப்பியிருந்தாள்.

கணீர் அறிவிப்பைப் பேசாமல் அந்த மைக்கை ஒரு பழைய துண்டில் சுற்றினார். நேரே கடைக்குப் போய்க் கல்லாமேல் வைத்தார். கடைக்காரர் இருந்தார். துண்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“நீங்கதானா அது? விக்கறதில்லைன்னு என் வீட்டுக்காரி சொல்லலையா சார்?”

“சொன்னாங்க. எடுத்துக்குங்க. பணம்கூட வேண்டாம்.”

“இதுல பேச முடியாதே சார். காட்சிக்கு வெச்சிருந்தது. உள்ள இருந்ததையெல்லாம் எடுத்து எப்பவோ வேற மைக்குக்குப் போட்டாச்சு. வெறும் கூடு ஸ்டாண்டுல நிக்காம ஆடிச்சு, அதான் சிமெண்ட் ஊத்தி வெச்சேன்.”

“நான் பேசினேன்.”

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். குடித்திருக்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும். வலையைத் திருகிக் கழற்ற முயன்றார். வரவில்லை. மேஜைக்கடியிலிருந்து சுத்தியலை எடுத்து, நசுங்கிய பக்கத்தில் தட்டினார். ஒன்று. இரண்டு. மூன்றாவது தட்டில் வலை கழன்று விழுந்தது.

உள்ளே சிமெண்ட். கழுத்துவரை, கெட்டியாக. ஒரு கம்பி நுழைய இடமில்லை. அப்படியானால் அந்தப் பதிவில் முதலில் கேட்ட குரல், கணீர் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்ததே, அதுவும் அவருடையது இல்லை.

அவருடைய போன் அடித்தது. பொறியாளர்.

“சார், அறிவிப்பு இப்பதான் வந்துச்சு. ரொம்ப நல்லா இருக்கு. ஒண்ணே ஒண்ணு சார். நடுவுல யாரோ சுத்தியலால தட்டறாங்க. மூணு தட்டு. மைக் மேலயே தட்டற மாதிரி விழுந்திருக்கு. வீட்ல ஏதாவது வேலை நடக்குதா?”

கடைக்காரர் கையில் சுத்தியல் இன்னும் இருந்தது.

அது நான் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆறு மணிச் செய்தி போய்விடும்.

“ஆமாம்மா” என்றார் கணீர். “அதை மட்டும் வெட்டிடுங்க.”

அதற்குப் பிறகு அவர் மைக் எதுவும் வாங்கவில்லை. காலைச் செய்தி மட்டும் தினமும் சரியாக ஆறு மணிக்கு வருகிறது, கணீரென்று. அந்த நேரத்தில் அவர் கட்டிலில், வாயை இறுக மூடிக்கொண்டு படுத்திருப்பார். சமையலறை ரேடியோவில் செய்தி முடிந்து, இசை தொடங்குவதற்கு முன்னால், ஒரு சின்னச் சத்தம் கேட்கும். ரேடியோ பழசாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று அவர் மனைவி சொல்லிக்கொண்டிருக்கிறார்.