வேணியக்கா சொன்ன கல்லூரி

பிளஸ் டூ மதிப்பெண் வந்துவிட்டால் விக்கிரமசிங்கபுரத்தில் வேணியின் பிரவுசிங் சென்டரில் நிற்க இடமிருக்காது. கணக்கில் எவ்வளவு, இயற்பியல், வேதியியலில் எவ்வளவு என்று கேட்டு, இருநூற்றுக்குக் கட்-ஆஃப் என்னவென்று மனக்கணக்காகவே சொல்லிவிடுவாள். எந்த இன்ஜினியரிங் கல்லூரி கிடைக்கும் என்பதையும் அடுத்த மூச்சில் சொல்லிவிடுவாள். ஏழு வருஷமாக ஒன்றுகூடப் பிசகியதில்லை. மில் வேலைக்காரர்கள் வீடுகளில் ஜோசியரைவிட அவளுக்கு மரியாதை அதிகம். அவளுக்கும் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, இல்லையென்றால் பொய்.

ஆன்லைன் கவுன்சலிங்கில் வேண்டிய கல்லூரிகளை வரிசையாகப் பதிய வேண்டும். உறுதியாகக் கிடைப்பதைத்தான் வேணி முதல் வரியில் போடுவாள். சந்தேகமானதைப் பட்டியலில் ஏற்றவே மாட்டாள்.

இந்த ஜூலையில் மில் தொழிலாளி இசக்கித்தாய் தன் மகள் மாரிச்செல்வியோடு வந்தாள். கட்-ஆஃப் நூற்றுத் தொண்ணூற்றொன்று.

“சென்னை அரசுக் கல்லூரியப் போடுங்கக்கா,” என்றாள் மாரிச்செல்வி.

“அது கெடைக்காதுட்டி. மொத வரியிலயே இல்லன்னு வந்தா மனசு ஒடிஞ்சு போவும். பக்கத்துல உள்ளதப் போடுதேன்.”

“அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்று இசக்கித்தாய் மகளை அடக்கினாள்.

இடஒதுக்கீடு வந்ததும் இருவரும் லட்டோடு வந்து நின்றார்கள்.

“கோவிச்சுக்கிடாதீங்கக்கா. வீட்டுக்குப் போயி இவ போன்ல சென்னைய மேல போட்டுட்டா. அதே கெடச்சிட்டு.”

வேணிக்கு எரிச்சல்தான் முதலில் வந்தது. “கெடைக்கலன்னா என்னட்டி செஞ்சிருப்ப?”

“அடுத்த வரிக்கு வந்திருக்கும்லாக்கா. நீங்க போட்டது ரெண்டாவதா இருந்துச்சே.”

வேணிக்குத் தெரியாததா அது? கம்ப்யூட்டர் மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, காலியாக உள்ள முதல் இடத்தைக் கொடுக்கும். ஆசைப்பட்டதை மேலே போடுவதால் பிள்ளைகளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. வேணி சொன்னது தப்பிவிட்டது என்ற பேச்சு மட்டும் வரும். அந்தப் பேச்சு வராமல்தான் அவள் இத்தனை வருஷமும் பார்த்துக்கொண்டாள்.

அவர்கள் போனதும் பழைய நோட்டுகளை எடுத்தாள். ஒவ்வொரு பிள்ளையின் கட்-ஆஃபையும், அந்த வருஷம் சென்னையில் கடைசி இடம் எந்தக் கட்-ஆஃபுக்குப் போனது என்பதையும் சேர்த்துப் பார்த்தாள். போட்டிருந்தால் சென்னை கிடைத்திருக்கும் என்பவர்கள் முதல் நோட்டில் இரண்டு பேர். அடுத்ததில் நான்கு. மூன்று வருஷத்துக்கு முந்தைய நோட்டில் மீனு, அவளுடைய ஒரே மகள். நூற்றுத் தொண்ணூற்று இரண்டரை. அந்த வருஷம் கடைசி இடம் நூற்றுத் தொண்ணூற்றொன்றுக்குப் போயிருந்தது. வேணி நோட்டை மூடிவிட்டாள். மேலே பார்க்கத் தெம்பில்லை.

சாயங்காலம் கல்லூரி பஸ்ஸிலிருந்து இறங்கி மீனு கடைக்குள் வந்தாள். இது அவளுக்குக் கடைசி வருஷம்.

“ஒனக்குச் சென்னையே கெடச்சிருக்கும்ட்டி. நாந்தான் போடாம விட்டுட்டேன்.” வேணி நோட்டை அவள் பக்கம் தள்ளினாள்.

மீனு பையை இறக்கி வைத்தாள். “தெரியும்மா. அந்த வருசமே பாத்துட்டேன்.”

“ஏம்ட்டி சொல்லல?”

“எப்படிச் சொல்ல? வெளிய அத்தன பேரும் ஒன்ன நம்பி வரிசையில நின்னாவ.”