அர்ச்சனைக்குக் கொடுத்த நட்சத்திரம்

மகளுக்குப் பிளஸ் டூ பரீட்சை. தறியை விட்டு எழுந்திருக்க நேரமில்லாததால், போனில் கண்ணில் பட்ட ஒரு செயலியில் அவள் பெயருக்கு அர்ச்சனை பதிவு செய்தேன். குருக்களிடம் சொல்கிற பழக்கத்தில் கோத்திரம், நட்சத்திரம், குலதெய்வம், என் போன் எண், மகள் போன் எண் என்று கேட்டதையெல்லாம் கொடுத்தேன்.

மறுநாளே என் போனில் 'உங்கள் இனத்து வரன்கள்' என்று விளம்பரம். எதிர்வீட்டு மும்தாஜிடம் காட்டினேன்.

"எனக்கு இதெல்லாம் வர்லியே. நீ இன்னா ஜாதின்னு அதுக்குத் தெரிஞ்சிருக்குதுமா" என்றாள்.

அன்று மாலை மகள் தன் போனை நீட்டினாள். "அம்மா, 'ரேவதி நட்சத்திரத்துக்கு ஏத்த மாப்பிள்ளை'ன்னு எனக்கே வருதுமா!"

அவளுக்குப் பதினேழு வயது. அர்ச்சனைக்கு நான் கொடுத்த அதே நட்சத்திரம்.

செயலியை நீக்கியும் விளம்பரம் நிற்கவில்லை. இப்போது கோயிலுக்கு நேரில்தான் போகிறேன். குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டால், "சாமி பேருக்கே பண்ணுங்க" என்கிறேன்.