அட்டையம்மாவின் கடைசி அட்டை

அருங்காட்சியகத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் கிடையாது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொருள் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்ன அட்டை இருக்குமே, அதை எழுதுகிறவர் என்பதால் அட்டையம்மா. ஒரு சந்தேகம் வந்துவிட்டால் ஒட்டிக்கொண்டு விடமாட்டார் என்பதால், குளத்து அட்டையையும் சேர்த்து நினைத்துத்தான் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். "ரத்தம் குடிக்காத வரைக்கும் சரி" என்று சிரித்துக்கொள்வார்.

அந்த மாதக் கடைசியில் அவருக்குப் பணி ஓய்வு. நிம்மதியாகப் போகலாம் என்று பார்த்தால், குழாயம்மா விவகாரம் வந்து குறுக்கே நின்றது.

குழாயம்மா அந்த நகரத்தின் பழைய மனுஷி. இறந்து வெகுகாலம் ஆகிறது. பதினெட்டு வயதில் பெண்களைத் திரட்டிக்கொண்டு காலிக் குடங்களோடு நகராட்சி வாசலில் உட்கார்ந்தவர். அன்று தொடங்கி, தெருத் தெருவாகக் குழாய் போடவைக்காமல் ஓயவில்லை. கடைசியாகக் குழாய் வந்த தெருக்களில் ஒன்று அட்டையம்மா பிறந்த தெரு. இப்போது கட்டி முடித்த புது நீர்நிலையத்துக்குக் குழாயம்மாவின் பெயரை வைக்கப் போகிறார்கள். வாசல் பலகையில் பிறந்த வருடம் வேண்டும். அங்கேதான் சிக்கல். பிறப்புப் பதிவில் ஒரு வருடம் இருக்கிறது. குழாயம்மா தன் கைப்பட எழுதிய வாழ்க்கைக் குறிப்பிலோ அதற்கு இரண்டு வருடம் பிந்திய வருடம்.

இதை ஆராய வந்தவர் ஓய்வுபெற்ற சரித்திரப் பேராசிரியர். தங்கமான மனிதர்தான். ஆனால் தேதி என்று வந்துவிட்டால் பெற்ற தாயிடமே சாட்சி கேட்பார்.

"பதிவுப்படி, குடத்தோட வாசல்ல உட்கார்ந்தப்ப அவங்களுக்கு இருபது வயசு. பதினெட்டுன்னு எழுதியிருக்காங்க. வயசையே குறைச்சு எழுதினவங்க சொல்ற மத்த கதையை எப்படிம்மா நம்பறது? நகராட்சிக் காகிதத்துல குழாய் போட்ட எஞ்சினியர் பேருதான் இருக்கு. அவர் பேரையே வைக்கச் சொல்லி எழுதப் போறேன்."

அட்டையம்மாவுக்குச் சுருக்கென்றது. "ரெண்டு வயசுக்காகவா சார்?"

"வயசு ரெண்டுதான். ஆனா பொய் பொய்தானே?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் எழுதாதீங்க சார். உங்களுக்குப் புண்ணியமா போகும்."

வாய் கேட்டுவிட்டதே தவிர, வெள்ளிக்கிழமைக்குள் என்ன செய்வதென்று அவருக்கே தெரியவில்லை. பின்கட்டுக் கிடங்குக்குப் போய், குழாயம்மாவின் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்தார். ஒரு நசுங்கிய குடம், ஒரு மூக்குக் கண்ணாடி, கல்லறைத் தோட்டத்தில் மதில் கட்டியபோது கிடைத்த முழ நீளக் கல் ஒன்று. கல்லில் குழாயம்மாவின் இயற்பெயர் மட்டும் வெட்டியிருந்தது. பக்கத்தில் அட்டை: "கல்தச்சர் அளவு தவறி வெட்டிக் கைவிட்ட கல்." வேலைக்கு வந்த புதிதில் யாரோ சொன்னதைக் கேட்டு அட்டையம்மாவே எழுதியது.

கல்லைத் திருப்பிப் பார்த்தார். எழுத்தில் பிசகில்லை. விளிம்பெல்லாம் இழைத்திருந்தது. அடிப்பாகத்தில் ஒரு சாண் உயரத்துக்கு மண் கறை. கெட்டுப்போன கல்லை யார் மண்ணில் நட்டுவைப்பார்கள்?

அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ஏனென்றால் அவருக்கும் வயது இரண்டு: காகிதத்தில் ஒன்று, உடம்பில் ஒன்று. அம்மாவுக்கு முதலில் பிறந்த பெண் குழந்தை, பேச்சு வரும் முன்பே போய்விட்டது. இரண்டு வருடம் பிந்திப் பிறந்த இவருக்கும் அதே பெயர், அதே பிறப்புச் சான்றிதழ். அந்தச் சான்றிதழைக் காட்டித்தான் பள்ளியில் சேர்த்தார்கள். அப்பா போனபின் இந்த வேலை கிடைத்ததும் அதனால்தான். பதினெட்டு முடிந்திருக்க வேண்டும் என்றார்கள், அக்காவுக்கு முடிந்திருந்தது. வீட்டில் அடுப்பு எரிந்தது. இவ்வளவும் அத்தை சொல்லித் தெரிந்ததுதான். அம்மா ஒரு நாளும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

அன்று சாயங்காலம் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அட்டையம்மா பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஒரு பிடி கீரையை எடுத்துக்கொண்டார்.

"ஏம்மா எனக்கும் அதே பேரை வச்சீங்க?"

அம்மாவின் கை நின்றது. "கூப்பிட்டுப் பழகின வாய். வேற பேரு வரல." மறுபடி கீரையைக் கிள்ளிக்கொண்டே அவரே சொன்னார்: "அப்ப நம்ம தெருவுல குழாய் கிடையாது. குட்டைத் தண்ணிதான். வயித்தால போய் ரெண்டே நாள்ல... நீ பொறக்கறதுக்குள்ள அந்தம்மா குழாய் கொண்டாந்துட்டாங்க. அதான் நீ எனக்குத் தங்கின."

மறுநாள் அட்டையம்மா பேராசிரியரிடம் கல்லையும் காட்டினார், தன் கதையையும் சொன்னார். பேராசிரியர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை, கால்சட்டையெல்லாம் மண்ணாக வந்து நின்றார். குழாயம்மாவுடைய தாயாரின் கல்லறையை ஒட்டி ஒரு சின்ன மேடு இருக்கிறதாம்; தலைமாட்டில் மண்ணைக் கிளறினால், அந்தக் கல் கச்சிதமாகப் பொருந்துகிற ஒரு செங்கல் குழி. அடக்கப் பதிவைப் புரட்டினால் அதே பெயர், வயது ஒன்றேகால். பிறப்புப் பதிவில் இருப்பது இந்த மூத்தவள். குழாயம்மாவின் பிறப்பை யாரும் பதியவே இல்லை.

"அந்தம்மா பொய் சொல்லல. நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றார். மனிதர் முகத்தில் தோற்றுப்போன வருத்தமே இல்லை. பரீட்சையில் பாஸான பையன் மாதிரி இருந்தார்.

"நானும்தான் சார். அந்த அட்டையை எழுதினதே நான்தானே."

"அது சரி, அப்படின்னா உங்களுக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ்..."

"சார்!"

"நான் ஒண்ணும் கேக்கல. எனக்குக் காது மந்தம்."

பலகையில் குழாயம்மா எழுதிய வருடமே ஏறியது. அட்டையம்மா தன் கடைசி அட்டையை எழுதினார்: "குழாயம்மாவின் அக்காவுடைய கல். அக்காவின் பெயரைத் தங்கை வாங்கிக்கொண்டார். அந்தப் பெயரோடுதான் நகரத்துக்குத் தண்ணீர் வந்தது."

ஓய்வு பெறும் நாளில் அம்மாவைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து அந்த அட்டையைப் படித்துக் காட்டினார். அம்மா கண்ணாடிப் பெட்டியின்மேல் கை வைத்தபடி வெகுநேரம் நின்றார்.

பாராட்டுக் கூட்டத்தில் காப்பாளர் வழக்கம்போல எடுத்துவிட்டார்: "நம்ம அட்டையம்மாவுக்கு அறுபது வயசுன்னா யாராவது நம்புவாங்களா?"

முன்வரிசையிலிருந்து அம்மாவின் குரல் கணீரென்று வந்தது. "எப்படி நம்புவாங்க? ரிட்டயர் ஆனது இவ அக்கா. இவளுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு."

வயதானவருக்கு ஏதோ குழப்பம் என்று எல்லோரும் சிரித்தார்கள். பேராசிரியர் பலமாக இருமினார். அட்டையம்மாவுக்கு மட்டும் கண் நிறைந்துவிட்டது. அக்கா என்ற சொல்லை அம்மா வாயால் அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறார்.

நன்றி சொல்ல அழைத்தார்கள். மைக்கைப் பிடித்ததும், எழுதி வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது.

"முதல்ல எங்க அக்காவுக்கு" என்று தொடங்கினார்.