கடைசிக் கால் பங்கு

இரண்டு வருடம் முன்பு, பெருந்துறையில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தபோது நடந்தது. எங்கள் பனியன் கம்பெனிக்கு ஆர்டர் குறைந்துவிட்டது. வாரத்தில் பாதி நாள்தான் வேலை. பீஸ் ரேட் என்பதால் வேலை இல்லாத நாளுக்குக் கூலியும் இல்லை. ரீசார்ஜ் செய்ய முடியாமல் லைனில் ஒவ்வொரு வீடாக டிவி நின்றது.

பொழுது போகவில்லை. அடுத்தடுத்த வீட்டுப் பெண்கள் நான்கு பேர் சேர்ந்து பழைய பேப்பர் கடையில் ஒரு மாத நாவல் வாங்கினோம். யார் முதலில் படிப்பது என்று சண்டை வந்தது. பிசிறு வெட்டும் கத்தரியால் புத்தகத்தை நான்காகப் பிரித்தேன். கம்பெனி மெஷினில் ஒவ்வொன்றுக்கும் ஓரம் அடித்துக்கொண்டு வந்தேன். ஆளுக்கு ஒரு பங்கு. காலையில் தண்ணீர் பிடிக்கும்போது மாற்றிக்கொள்வோம். எந்தப் பங்கு கைக்கு வருகிறதோ அதைத்தான் படிக்க வேண்டும். கொலை நடக்கும் முன்பே கொலைகாரன் யார் என்று ஒருத்திக்குத் தெரிந்திருக்கும். அவள் வாயைத் திறக்கக் கூடாது. அதுதான் கட்டுப்பாடு.

ஒரு தடவை கடைசிப் பங்கு, எங்கள் நான்கு பேரில் தாராபுரம் பக்கத்திலிருந்து புதிதாகக் குடிவந்த பெண்ணிடம் போனது. என்னைவிடச் சின்னவள். பிளஸ் டூ படித்தவள். அவள் வீட்டுக்காரர் வேலை தேடிக் கேரளா போயிருந்தார். மற்ற மூன்று பங்கையும் நான் முடித்துவிட்டேன். அவளோ தண்ணீர் பிடிக்க வரவில்லை. மறுநாளும் வரவில்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மத்தியானம் போய்க் கதவைத் தட்டினேன்.

"நாளைக்குத் தர்றனுங்க்கா" என்றாள், உள்ளிருந்தபடியே.

நான் நகரவில்லை. "முடிவு தெரியாம எனக்குச் சோறு எறங்காது அம்மணி. கதவத் தொற" என்றேன்.

திறந்தாள். முகம் வெளுத்திருந்தது. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுப்புப் பக்கம் பார்த்தேன். பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தது. சோறு ஆக்கிய வாசமே இல்லை. ரேஷன் கார்டு மாமியார் வீட்டில் இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் அரிசி தீர்ந்துவிட்டது என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. கையில் அந்தப் பங்கு, ஓரமெல்லாம் கசங்கிக் கிடந்தது.

எப்போதோ முடித்திருப்பாயே, ஏன் தரவில்லை என்று கேட்டேன்.

"படிக்கற வரைக்கும் வயிறு தெரியலைங்க்கா. அதான் திருப்பித் திருப்பி அதையே படிச்சிட்டிருந்தேன்."

வீட்டுக்குப் போய்ச் சோறும் ரசமும் எடுத்து வந்தேன். அவள் தொடவில்லை. வாங்கித் தின்று பழக்கமில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வற்புறுத்தினால் மறுபடி கதவைச் சாத்திக்கொள்வாள். நான் கீழே உட்கார்ந்துவிட்டேன்.

"நான் அஞ்சாவதோட நின்னவ. எழுத்துக் கூட்டிப் படிக்கறதுக்குள்ள தாவு தீந்து போகுது. இனி நீ எங்க எல்லாருக்கும் சத்தமாப் படி. படிக்கறவளுக்குச் சோறு எங்க பொறுப்பு. இது சும்மா இல்ல, வேலை."

என்னையே பார்த்தாள். பிறகு தட்டை இழுத்துக்கொண்டாள்.

மற்ற இரண்டு பேரிடமும் சொன்னேன். தன் வீட்டிலேயே அளந்துதான் உலை வைப்பதாக ஒருத்தி முனகினாள். ஒரு பிடி கூடப் போடு என்றேன். போட்டாள்.

அன்று சாயங்காலம் முதல் பக்கத்திலிருந்து அவள் படிக்க, வாசலில் உட்கார்ந்து கேட்டோம். 'ங்க' போடாமல் அவளுக்கு வாய் வராது. கதையில் கத்தி காட்டுகிறவன்கூட "பணத்தை எடுங்க" என்றுதான் மிரட்டினான்.

"இத்தனை மரியாதையாக் கேட்டா நானே எடுத்துக் குடுத்துப்போடுவேன்" என்றாள் முனகியவள். அந்தப் பெண் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அந்த நாவல் முடிந்ததும் இன்னொன்று வாங்கி, ஆர்டர் வரும்வரை அப்படியே ஓட்டினோம். ஒருத்திக்கொருத்தி பேச்சு நின்ற நாளிலும் படிப்பு நிற்கவில்லை, சோறும் நிற்கவில்லை. அவள் வீட்டுக்காரர் திரும்பி வந்தார். இப்போது அவர்கள் கோபிப் பக்கம் இருக்கிறார்கள்.

நான் அன்று போனது அவளைப் பார்க்க அல்ல, கதையின் முடிவுக்காக. அது இல்லாவிட்டால் போயிருக்கவே மாட்டேன். இப்போதெல்லாம் பக்கத்தில் ஒரு கதவு ரொம்ப நேரம் சாத்தியே கிடந்தால் போய்த் தட்டிவிடுகிறேன். அதற்கு ஒரு காரணம் தேடிக்கொண்டு நிற்பதில்லை.