மாமா தேடித் தந்த ஓட்டப்பாதை

சேலத்தில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தேன். தினமும் காலையில் பத்து கிலோமீட்டர் ஓடிவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். ஒருநாள் ஓட்டத்தின் நடுவே இரண்டு பாதங்களிலும் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. மூன்றாம் நாள் பள்ளி மாடிப்படியில் கால் எழவில்லை. வாரக் கடைசியில் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

கில்லன் பாரே என்றார்கள் (உடலின் எதிர்ப்புச் சக்தி தன் நரம்புகளையே தாக்கும் நோய்). அது தொண்ணூறுகளின் கடைசி. பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை (ரத்தத்தின் நீர்ப்பகுதியை வெளியேற்றி மாற்றுவது) முடிந்து, ஐந்தாம் மாதம்தான் பிடிமானத்தோடு நின்றேன்.

"எப்ப டாக்டர் ஓடலாம்?"

"நரம்பு மெதுவாத்தான் வளரும்மா. நீங்க அவசரப்படுறது அதுக்குத் தெரியாது."

ஊன்றுகோலை விட்டதும் செங்கல்பட்டில் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்காவின் கணவர் பஸ் கண்டக்டர்.

"மாமா, இங்க ஓடுறதுக்கு நல்ல ரோடு எது?" என்று போன அன்றே கேட்டேன். அக்கா முறைத்தாள்.

மாமா தன் ஓய்வு நாளில் மொபெட்டில் கிளம்பி, மதியம்தான் திரும்பினார். "ஜிஎஸ்டி ரோடு வேணாம், லாரி பேஜாரு. ஏரிக்கரை மேடும் பள்ளமுமா கீது. திருக்கழுக்குன்றம் ரோட்டுல கொஞ்ச தூரம் போலாம். உக்கார ஏழு எடம் கீது."

தூரம், ஏற்றம், நிழல் பார்த்துப் பாதை தேடியவள் நான். அவரோ மதகுக் கட்டையையும் டீக்கடை பெஞ்சையும் எண்ணிவிட்டு வந்திருந்தார். எனக்குக் கோபம் வந்தது. மறுநாள் காலை யாரிடமும் சொல்லாமல் ஏரிக்கரைக்கே போனேன்.

சிறிது தூரத்திலேயே வலது பாதம் எழாமல் தடுக்கி விழுந்தேன். அடியைவிட, எழ முடியாததுதான் கொடுமை. தொடைகளில் அந்த பலம் இன்னும் வரவில்லை. புல்லறுக்க வந்த ஒரு பெண் என்னைத் தூக்கி நிறுத்தி வீடுவரை கொண்டுவந்து விட்டார். அக்கா திட்டித் தீர்த்தாள். மாமா முட்டிக் காயத்தைக் கழுவினார்.

அந்த ஞாயிறு என்னைத் திருவிடந்தை கடற்கரைக்கு அழைத்துப் போனார். அலை எப்போது உள்வாங்கும் என்று மீனவர்களிடம் முன்பே கேட்டு வைத்திருந்தார்.

"ஈர மணலு கெட்டியா கீது, ஓடு. வுழுந்தாலும் நோவாது. தூக்கிவுட நான் கீறேன்."

ஒரு படகிலிருந்து அடுத்த படகுவரை ஓடினேன். ஓட்டம் என்று நானும் அவரும் மட்டுமே ஒப்புக்கொள்வோம். இரண்டு முறை விழுந்தேன். இரண்டாம் முறை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தவர், என்னைத் தூக்காமல் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"இன்னா கண்ணு, ஓடுறது நீ, மூச்சு வாங்குறது எனக்கா?"

நோய் வந்தபின் அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தேன்.

இதே நோயிலிருந்து மீண்டு வருபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இன்று நான் மூன்று கிலோமீட்டர் ஓடுகிறேன், அதற்கு மேல் இல்லை. என் பாதம் தரையைத் தொட்ட பிறகு, தொட்டது எனக்குத் தெரிய ஒரு கணம் ஆகிறது. முன்பு அந்தக் கணத்தை வெறுத்தேன். இப்போது அது வந்து சேரும்வரை காத்திருந்து, அடுத்த அடி வைக்கிறேன்.