ஏழு மஞ்சள், ஐந்து நீலம்

என் நாத்தனாருக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தபோது அவர் ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டை ஒட்டிய ஒரு ப்ளாட்டில் தனியாக இருந்தார். பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நானும் என் கணவரும் கே.கே. நகரில் இருந்தோம். அவருக்குத் திருவெறும்பூர் பக்கம் தொழிற்சாலையில் வேலை. ஷிப்ட் மாறி மாறி வரும். ஆபரேஷன் முடிந்ததும் அக்காவை நம் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடலாம் என்று அவர் சொன்னார். நான் சரி என்றேன்.

நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஆனால் எங்களுக்குள் பேச்சு அதிகம் கிடையாது. சண்டை போட்டதில்லை. நான் கல்யாணமாகி வந்த சில மாதங்களிலேயே, ஸ்கூல் பக்கமாக இருக்கும் என்று சொல்லி அவர் ஸ்ரீரங்கத்தில் வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். வந்தவள் விரட்டிவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். கல்யாண வீடுகளில் என் காதுபடவே பேசியிருக்கிறார்கள். அப்போதெல்லாம் அக்காவும் அங்கே இருப்பார். ஆமாம் என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவார், சாப்பிடுவார், தம்பியிடம் நாலு வார்த்தை பேசுவார், இருட்டுவதற்குள் பஸ் ஏறிவிடுவார். இருபது வருஷத்துக்கு மேல் இப்படியே போனது.

இப்போது அவர் எங்கள் வீட்டின் முன் அறையில் படுத்திருந்தார். காலையில் நான் காபி கொண்டுபோய் வைப்பேன். அவர் தாங்க்ஸ் என்பார். அந்த வார்த்தை ஒவ்வொரு நாளும் எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

கீமோ முடிந்து ரேடியேஷன் ஆரம்பித்தது. புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி. தினமும் போக வேண்டும். என் கணவரால் லீவு போட முடியவில்லை, அதனால் நான்தான் கூடப் போனேன். ரிப்போர்ட்டுகளும் ஸ்கேன் படங்களும் ஒரு ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் பையில் இருந்தன. ஒருநாள் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் அந்தப் பை அடியோடு கிழிந்தது. படங்கள் எல்லாம் படிகளில் சரிந்து விழுந்தன. ஏறிக்கொண்டிருந்தவர்கள் குனிந்து பொறுக்கிக் கொடுத்தார்கள். ஒரு ஆள் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மொட்டைத் தலையில் கட்டியிருந்த ஸ்கார்ஃபை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். அவர் முகத்தை அன்றைக்குப் பார்க்க என்னால் முடியவில்லை.

ஆட்டோவில் திரும்பும்போது, நான் ஒரு பை பின்னித் தருகிறேன் என்றேன். லாக்டவுன் சமயத்தில் வீடியோ பார்த்து குரோஷா கற்றுக்கொண்டிருந்தேன். டீப்பாய் விரிப்பு, பூஜை அறைக்குத் தோரணம் என்று என்னென்னவோ பின்னி வைத்திருந்தேன்.

அவர் ரோட்டைப் பார்த்தபடியே, "நூல் பை தொங்கிப் போயிடும். இந்த கனத்தை தாங்காது," என்றார்.

அவர் சொன்னது சரிதான். சாதாரணமாகப் பின்னினால் கனத்துக்கு இழுத்துக்கொண்டே போய் முழங்காலைத் தொடும். நான் தேடிப் பார்த்தேன். இரண்டு நிற நூலை ஒன்றாக வைத்துப் பின்னும் முறை ஒன்று இருந்தது. ஒரு நிறத்தில் கண்ணி போடும்போது இன்னொரு நிறத்தை அறுத்துவிடாமல், அந்தக் கண்ணிக்குள்ளேயே மறைத்து இழுத்துக்கொண்டு போக வேண்டும். அதன் முறை வரும்போது வெளியே எடுக்கலாம். மற்ற நேரமெல்லாம் அது உள்ளே ஒளிந்திருக்கும். அந்த உள்நூல்தான் பையைத் தடிமனாக்கி, விறைப்பாக நிற்க வைக்கிறது. நிறம் மாறும் இடங்களை வைத்துக் கட்டம், முக்கோணம், வைரம் என்று உருவங்களையும் கொண்டுவரலாம். பெரிய கடை வீதியில் தடிமனான பருத்தி நூல் வாங்கி வந்தேன். நிறம் என்ன வேண்டும் என்று முன்பே கேட்டிருந்தேன். ஆஸ்பத்திரிப் பச்சை மட்டும் வேண்டாம் என்றார். மஞ்சளும் கருநீலமும் எடுத்தேன்.

ரேடியேஷனுக்குக் காத்திருக்கும் இடம் கீழ்த்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது, ஏசி எலும்பைத் தொடும். வரிசையாக நாற்காலிகள், எல்லாவற்றிலும் தலையில் துணி கட்டியவர்கள். யாரும் யாரையும் நேராகப் பார்ப்பதில்லை. நான் பையின் அடிப்பாகத்தை அங்கே உட்கார்ந்துதான் பின்னினேன். அதை முடித்துவிட்டு உருவத்தை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன். அக்கா பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

"ஒரு சுத்துக்கு எத்தனை கண்ணி?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

நூற்று முப்பது என்றேன்.

"ஒரு வைரத்துக்கு?"

பன்னிரண்டு என்றேன்.

"வகுபடாது. ரெண்டு கூட்டிக்கோ. பதினோரு வைரம் வரும்."

ரெண்டு கூட்டினேன். சரியாக வந்தது. அன்றிலிருந்து எண்ணிக்கை அவருடையது, கை என்னுடையது. பேப்பரில் வரைந்து தரட்டுமா என்று கேட்டதற்கு, இதுக்கு எதுக்குப் பேப்பர் என்றார். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு சுற்றுக்கும் சொல்வார். ஒன்று மஞ்சள், பதினொன்று நீலம். மூன்று மஞ்சள், ஒன்பது நீலம். ஐந்து மஞ்சள், ஏழு நீலம். வகுப்பில் பேசும் குரல் அது, தெளிவாக, அவசரமில்லாமல் வரும். நான் அந்தக் குரலை அதற்கு முன் கேட்டதில்லை. எதிர் நாற்காலியில் இருந்த ஒரு அம்மா, எங்களைப் பார்த்து, நீங்க அம்மாவும் பொண்ணுமா என்று கேட்டார். அக்கா, "தம்பி வீட்டுக்காரி," என்று மட்டும் சொன்னார்.

முதல் வரிசை வைரங்கள் முடிந்தபோது அவை நேராக நிற்காமல் லேசாக வலது பக்கம் சாய்ந்திருந்தன. அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. எண்ணிக்கை சரியாக இருக்கும்போது எப்படிச் சாயும் என்று பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுற்றிச் சுற்றிப் பின்னும்போது ஒவ்வொரு கண்ணியும் கீழே உள்ளதற்கு நேர் மேலே உட்காராது, கொஞ்சம் தள்ளித்தான் உட்காரும் என்று விளக்கினேன். அவருக்கு நான் சொல்லிக் கொடுத்த ஒரே விஷயம் அதுதான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அடுத்த வரிசைக்கு முக்கோணம் போடச் சொன்னார். அதில் சாய்வு தெரியாது என்றார். உண்மையாகவே தெரியவில்லை.

வேறு எதுவும் நாங்கள் பேசவில்லை. அந்த நாட்களில் அவர் ஏதாவது சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன் என்பதை மறைக்க மாட்டேன். ஏன் வீட்டைவிட்டுப் போனார், ஏன் அத்தனை பேர் பேசியபோதும் வாயைத் திறக்கவில்லை என்று. கேட்கவும் வாய் வரவில்லை. மெஷினுக்குள் படுத்து எழுந்து வருகிறவரிடம் அதையெல்லாம் எப்படிக் கேட்பது. அவர் சொல்லவில்லை. மூன்று மஞ்சள், ஒன்பது நீலம் என்றார். நான் பின்னினேன்.

ரேடியேஷன் முடிய இன்னும் சில நாட்களே இருந்தன. மூன்றாவது வரிசை, மறுபடியும் வைரம் வேண்டும் என்று நான்தான் கேட்டிருந்தேன். பாதி வைரம் வளர்ந்திருந்தது.

"ஏழு மஞ்சள், ஏழு நீலம்," என்றார் அக்கா.

நான் அப்படியே ஆரம்பித்தேன். இரண்டாவது வைரத்திலேயே மஞ்சள் கீழே உள்ள மஞ்சளின் மேல் உட்காராமல் விலகிப் போனது. ஏழும் ஐந்தும் அல்லவா வர வேண்டும் என்று தோன்றியது. அவரிடம் சொல்லவில்லை. சத்தமில்லாமல் பிரித்துவிட்டுச் சரியாகப் போட்டேன். யாருக்கும் வாய் தவறும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அடுத்த சுற்றுக்கும் அவர் ஏழு, ஏழு என்றார். அதற்கடுத்தும் அதையே சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, விரலால் ஒவ்வொரு கண்ணியாகத் தொட்டு எண்ணினார். நான் சமையலறையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் ஓரிடத்தில் நின்றது. மறுபடி முதலில் இருந்து எண்ணினார்.

"நான் என்ன சொன்னேன் உங்கிட்ட?" என்று கேட்டார்.

நான்தான் சரியாகக் காதில் வாங்கவில்லை, அதனால் மாற்றிப் பின்னிவிட்டேன் என்றேன்.

"நீ சரியாத்தான் பின்னியிருக்கே. நான் ஏழு ஏழுன்னு சொன்னேன். ஏழும் ஏழும் பதினாலு." அதைச் சொல்லிவிட்டு வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "டாக்டர்கிட்ட சொல்லணும்," என்றார்.

களைப்பாக இருக்கும், மருந்து அப்படி என்று நான் சொன்னேன்.  என் கணவரிடம் நான் அன்றைக்குச் சொல்லவில்லை. சாப்பிடும்போது அக்காவே தம்பியிடம் சொன்னார். தம்பி சிரித்துவிட்டு, ரிடையர் ஆனா கணக்கு மறக்காதா என்றார். அக்காவும் லேசாகச் சிரித்தார்.

மறுநாள் டாக்டர் அறையில் அக்கா என்னைப் பேச விடவில்லை. தனக்குக் கணக்கு தப்புகிறது என்று அவரே சொன்னார். டாக்டர் சின்ன வயதுப் பெண். எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு, தலைவலி உண்டா, நடக்கும்போது தள்ளாடுகிறதா என்றெல்லாம் கேட்டார். பிறகு மெதுவாக, "நூறுலேருந்து ஏழு ஏழா கழிச்சுக்கிட்டே வாங்கம்மா," என்றார்.

"தொண்ணூத்தி மூணு," என்றார் அக்கா. "எண்பத்தி ஆறு."

அங்கே நின்றுவிட்டது. உதடு அசைந்தது. விரல்கள் புடவை ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தன. என் நாக்கில் எழுபத்தி ஒன்பது வந்து நின்றது. எத்தனையோ பிள்ளைகளை அந்த இடத்தில் நிறுத்தி, யாரும் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று அதட்டியிருப்பார் அவர். நான் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அக்கா, "போதும் டாக்டர்," என்றார்.

தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்குப் பரவியிருந்தது. என் கணவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லப் பார்த்தார்கள். அக்கா தன்னிடமே சொல்லச் சொன்னார். டாக்டர் சொன்னார். அக்கா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார், ஸ்கூல் இன்ஸ்பெக்ஷனில் அதிகாரி சொல்லும் குறைகளைக் கேட்டுக்கொள்ளும் டீச்சர் போல.

அன்று திரும்பும்போது நல்ல வெயில். புத்தூர் நால்ரோட்டில் ஆட்டோ சிக்னலில் நின்றது. பை பாதி முடிந்த நிலையில் என் மடியில் இருந்தது. அக்கா அதன் மேல் கையை வைத்தார்.

"இனிமே நீயே எண்ணிக்கோ," என்றார்.

நான் அழுதேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா அழவில்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். வீடு வரும்வரை விடவில்லை.

மிச்சப் பையை முன் அறையில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பின்னினேன். அவர் கேட்கட்டும் என்று வாய்விட்டு எண்ணுவேன். சில நாள் தலையை ஆட்டுவார். சில நாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார், கேட்கிறாரா இல்லையா என்று தெரியாது. கைப்பிடிகளுக்குள் அகலமான பருத்தி நாடாவை வைத்துத் தைத்தேன், இல்லாவிட்டால் கனத்துக்கு அவை நீண்டுவிடும். பை முடிந்ததும் அக்கா தம்பியைக் கூப்பிட்டு, அதில் வீட்டில் இருக்கும் கனமான சாமான்களைப் போட்டுக் கதவுக் கொக்கியில் மாட்டச் சொன்னார். அவர் இடிகல்லையும் இரண்டு தேங்காயையும் போட்டு மாட்டினார். சாயங்காலம்வரை அது அப்படியே இருந்தது. அக்கா கட்டிலில் இருந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தொங்கல," என்றார்.

அதற்கப்புறம் எல்லா ஸ்கேன் படங்களும் அந்தப் பையில்தான் போயின. ஆஸ்பத்திரியில் நர்ஸுகள் தொட்டுப் பார்த்து எங்கே வாங்கியது என்று கேட்பார்கள். அந்தப் பையில் தப்பு எதுவும் கிடையாது. மூன்றாவது வரிசை வைரங்களும் மற்றவை போலத்தான் இருக்கும். எந்த இடத்தில் அக்காவின் குரல் நின்றது, எங்கிருந்து நான் தனியாக எண்ணினேன் என்று யார் பார்த்தாலும் தெரியாது. எனக்கு மட்டும் கை வைத்ததும் தெரியும்.

பிறகு சீக்கிரமே பேச்சு குழறியது. ஒரு காலையில் என்னைப் பார்த்து, கடைசி பெஞ்சில் என்ன சத்தம் என்று கேட்டார். நான் ஒன்றும் இல்லை டீச்சர் என்றேன். ஆடி மாதம் ஒரு மத்தியானம், ஆஸ்பத்திரியில், நான் பக்கத்தில் இருக்கும்போதே மூச்சு நின்றது. என் கணவர் ஷிப்டில் இருந்தார், வந்து சேர ஒரு மணி நேரமானது. அதுவரை நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கட்டிலுக்கடியில் பை நிறைய ரிப்போர்ட்டுகள் இருந்தன. அவற்றை இனி யாரும் கேட்கப் போவதில்லை.

அஸ்தியை அம்மா மண்டபத்தில் கரைத்தோம். காவிரியில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. அங்கிருந்து நடந்தே போய் ப்ளாட்டைக் காலி செய்தோம். சாமான் அதிகம் இல்லை. வேண்டியதைக் கேட்டவர்களுக்குக் கொடுத்தோம்.

வீடு திரும்பிய சில நாட்களுக்குப் பிறகு, சாயங்காலம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது என் கணவர் கேட்டார். "அத்தனை நாள் ஆஸ்பத்திரியில உட்கார்ந்திருந்தீங்களே, ரெண்டு பேரும் என்னதான் பேசுனீங்க?"

"கணக்குதாங்க," என்றேன்.

அவர் நம்பவில்லை. நான் எதையோ மறைக்கிறேன் என்று நினைத்தது முகத்தில் தெரிந்தது. கூடப்பிறந்தவள் கடைசியில் என்ன சொன்னாள் என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஆசை இருக்காதா. எனக்கும் அவருக்குக் கொடுக்க ஏதாவது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மேலே கேட்கவில்லை. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, ஷிப்டுக்குப் போக சட்டையை மாட்டிக்கொண்டார். நான் கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே வந்தேன். முன் அறையில் கட்டில் இன்னும் பிரிக்கப்படாமல் கிடந்தது.